பனியில் பிறந்த முச்சக்கரம்

மூன்று கல்லை எப்படி வைத்தாலும் அடுப்பு ஆடாது. நான்கு கால் மேசையோ, ஒரு கால் சிறிது குட்டையாகிவிட்டால், நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்து மேசைகளைப் போல நாம் உண்டு முடிக்கும் வரையில் ஆடிக்கொண்டே இருக்கும். மூன்று புள்ளிகள் எப்பொழுதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளி அமையலாம், அமையாமலும் போகலாம். பள்ளியில் வடிவ கணிதத்தில் கற்ற இந்த எளிய உண்மையை நம்பி ஒரு வண்டி பிறந்தது. 1970-இல் கடைக்கு வந்தது. 1980களின் இறுதியில், அதே மூன்று சக்கரத்தின் பொருட்டு, அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அவ்வண்டியை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஓட்டும்போது உடம்பு உணர்ந்ததையும், பிறகு தாளில் கணக்குப் போட்டபோது விளங்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மண் இறுக்கம் பற்றிய ஆய்வுக்காகச் சென்ற ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். கனத்த டிராக்டர்களின் சக்கரங்கள் வயல் மண்ணை எவ்வளவு ஆழத்துக்கு நசுக்குகின்றன என்று அளப்பது எங்கள் வேலை. நசுங்கிய மண்ணில் வேர் இறங்காது, நீரும் இறங்காது. இங்கே பந்த்நகர்ப் பண்ணையில் பயிர்த்தொழில் படிக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் மண் எடுக்கச் சென்ற பண்ணைகளுள் ஒன்றின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த முதியவர். கறவை மாடுகளும் மக்காச்சோளமும் அவருடைய பிழைப்பு. எங்கள் கருவிகளைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "மண்ணை நசுக்காத வண்டி ஒன்று என்னிடம் இருக்கிறது" என்று சொல்லிக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். தார்ப்பாயை விலக்கினார். குழந்தைகள் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளை யாரோ வாயில் வைத்து ஊதிப் பெரிதாக்கிவிட்டது போல், சிவப்பு நிறத்தில், பருத்த மூன்று டயர்களோடு ஒரு வண்டி நின்றது. ஹோண்டா ஏ.டி.சி. 90. அவருடைய தந்தையார் 1974-இல் புதிதாக வாங்கியது.

இவ்வண்டி பிறந்த கதை சுவையானது. மோட்டார் சைக்கிள் விற்பவர்களுக்கு அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஒரு தொல்லை உண்டு. பனி விழத் தொடங்கிவிட்டால் இரண்டு சக்கர வண்டி வாங்க ஒருவரும் கடைப்பக்கம் வரமாட்டார்கள். குளிர்காலத்திலும் விற்கக்கூடிய பொருள் ஒன்றைச் செய்து தருமாறு ஹோண்டாவின் அமெரிக்கக் கிளையினர் 1967-இல் ஜப்பானிலுள்ள தலைமை நிறுவனத்தைக் கேட்டார்கள். அந்தப் பொறுப்பு ஒசாமு தகேயுச்சி என்னும் பொறியாளரிடம் வந்தது. அவர் பல எண்ணிக்கையில் சக்கரங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். பனியிலும் சேற்றிலும் சிறிய எஞ்சினைக் கொண்டு ஓடுவதற்கு மூன்றே ஏற்றது என்று கண்டார். ஆனால் சாதாரண டயர்கள் பனியில் புதைந்தன. அப்போது அமெரிக்காவில் ஆம்ஃபிகேட் என்று ஆறு சக்கர வண்டி ஒன்று இருந்தது. நீரிலும் நிலத்திலும் செல்லக்கூடியது. அதன் பருத்த, காற்றழுத்தம் குறைந்த டயர்கள் அவருக்கு வழி காட்டின. அவ்வாறு உருவான வண்டி 1970-இல் யு.எஸ். 90 என்ற பெயரில், 595 டாலர் விலையில் வெளிவந்தது. பின்னர்தான் ஏ.டி.சி. 90 என்று பெயர் மாறியது. 1971-இல் வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' என்னும் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் இவ்வண்டியைப் பார்த்தவர்கள் நம்மிடையேயும் இருக்கலாம்.

மண் படிக்கும் எனக்கு முதலில் கண்ணில் பட்டவை டயர்கள்தாம். ஏறக்குறைய 22 அங்குல உயரம். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்கு 0.15 கிலோகிராம் அளவே. மோட்டார் சைக்கிள் டயரில் நாம் அடிக்கும் காற்று இதைப் போல் பன்னிரண்டு மடங்குக்குக் குறையாது. சைக்கிள் பம்பால் அடிக்கக்கூட வேண்டாம், வாயால் ஊதினாலே போதும் போலத் தோன்றும். முதியவர் அழுத்தமானியைத் தேடவில்லை. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இந்தக் குறைந்த அழுத்தத்தின் பயன் என்ன? வண்டி சுமார் 90 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, ஆக 160 கிலோ என்று கொள்வோம். இந்த எடையைச் சதுர சென்டிமீட்டருக்கு 0.15 கிலோ அழுத்தமுள்ள காற்று தாங்க வேண்டுமானால், மூன்று டயர்களும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சதுர சென்டிமீட்டர் பரப்பைத் தரையில் பதிக்க வேண்டும். டயரின் சுவரும் சிறிது சுமையைத் தாங்கும். ஆதலின் இது தோராயக் கணக்குத்தான். ஆயினும் ஒப்பிட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது முழு எடையும் ஒரு பாதத்தில், சுமார் 200 சதுர சென்டிமீட்டரில் விழுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 0.35 கிலோ. அதாவது, வெறுங்காலால் நடப்பவரைவிட இந்த வண்டியில் ஏறிச் செல்பவர் மண்ணை மெல்ல மிதிக்கிறார். மணலில் ஒட்டகம் நடப்பதும் இந்த வித்தையால்தான். முதியவர் சொன்னது பொய்யில்லை.

எஞ்சின் நமக்குப் புதிதல்ல. 89.5 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, ஒற்றை உருளை, ஏழு குதிரைத்திறன். உருளை கிட்டத்தட்டப் படுத்த நிலையில் முன்னோக்கி இருக்கிறது. பார்த்தவுடன் எங்கோ பார்த்த முகம் என்று தோன்றியது. தோன்றியதில் வியப்பில்லை, 1985-இல் நம் நாட்டில் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டியின் எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் உருளையின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தூரம் மட்டும் இதில் 45.6, அதில் 49.5. நம் ஊரில் பால்கேன் சுமக்கும் வண்டியின் பெரியப்பா மகன், அங்கே வேலியோரம் சுற்றிக்கொண்டிருந்தான்! நான்கு கியர்கள் உண்டு. கிளட்ச் பிடி கிடையாது. எஞ்சின் வேகம் கூடியதும் கிளட்ச் தானே பற்றிக்கொள்ளும்.

பம்பு செட்டைக் கயிற்றால் இழுத்துக் கிளப்புவது போல இதையும் கயிற்றுப் பிடியை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. வேகத்தைக் கூட்ட, கைப்பிடியைத் திருகுவதில்லை. வலக் கட்டை விரலால் ஒரு சிறு நெம்பை அழுத்த வேண்டும். தலைக்கவசத்தை என் தலையில் வைத்துக் கட்டிவிட்டு முதியவர் ஒரே ஓர் அறிவுரைதான் சொன்னார். "என்ன நடந்தாலும் காலைக் கீழே ஊன்றாதே." அதை மும்முறை சொன்னார். ஏன் என்று வண்டியில் அமர்ந்து குனிந்து பார்த்தவுடன் புரிந்தது. பாதம் வைக்கும் கட்டைக்கு நேர் பின்னால், ஒரு சாண் இடைவெளியில், பின் டயர் நிற்கிறது. சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பழகிய கால், வண்டி சாய்வது போல் தோன்றினாலே தரையைத் தேடும். இங்கே அவ்வாறு தேடினால், ஊன்றிய கால்மீது சொந்த வண்டியே ஏறிவிடும். சிறுவயது முதல் நம்மைக் காப்பாற்றி வந்த பழக்கம், இந்த வண்டியில் நமக்கு எதிரி.

முதலில் கொட்டகை முற்றத்தில் ஓட்டினேன். இறுகிய தரை. நடக்கும் வேகம். கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினேன். முன்சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை! முன் டயர் குறுக்காகத் தேய்ந்துகொண்டே நேராகப் போயிற்று. முரட்டு மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்தால், தலையைத் திருப்பிக்கொண்டே உடம்பு நேராக நடக்குமே, அப்படி இருந்தது. நின்று, தள்ளித் திருப்பி, மறுபடி ஓட்டினேன். முதியவர் கையை அசைத்து, முன்னால் நகர்ந்து உட்காரும்படி காட்டினார். நகர்ந்தேன். அதே திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்டது.

இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். கார், ஆட்டோ ரிக்ஷா முதலியவற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி வேகத்தில் சுழல்வதற்கு டிஃபரென்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு உண்டு. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் செல்ல வேண்டும், உட்சக்கரம் குறைந்த தூரம் சென்றால் போதும் அன்றோ? இந்த வண்டியில் அந்த அமைப்பு இல்லை. ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளிலும் இரு சக்கரங்களை இறுக்கிவிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழன்றாக வேண்டும். சக்கரங்களின் இடைவெளி 70 செ.மீ. என்று கொண்டால், வண்டி ஒரு செங்கோணம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 110 செ.மீ. கூடுதலாகச் செல்ல வேண்டும். அந்த 110 செ.மீ.க்கு ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்தே தீர வேண்டும். தேய மறுக்கும் டயர்கள் வண்டியை நேராகவே பிடித்துத் தள்ளுகின்றன.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முன்சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் இடையே 100 செ.மீ., ஆளும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் கொண்ட முழு எண்கள். முன்சக்கரத்தின் மேல் 48 கிலோ. பின்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 56 கிலோ. தரையின் பிடிப்பு எங்கும் ஒன்றே என்றால், வண்டியைத் திருப்ப முயலும் முன்சக்கரத்தின் திறனை 48 என்றும், திருப்பத்தை எதிர்க்கும் பின்சக்கரங்களின் திறனை 39 என்றும் கணக்கிடலாம். (56 கிலோ, 35 செ.மீ. கை நீளம், இரண்டு சக்கரங்கள்.) மிச்சம் ஒன்றுமில்லை என்றே சொல்லிவிடலாம். ஓட்டுபவர் இருக்கையின் பின்கோடியிலிருந்து முன்கோடிக்கு, அதாவது 34 செ.மீ., நகர்ந்தால் ஈர்ப்பு மையம் 15 செ.மீ. முன்னே வரும். அப்போது திருப்பும் திறன் 72; எதிர்ப்பு 31. முதியவர் கையை அசைத்ததன் பொருள் இதுதான்.

முற்றத்தைவிட்டு, அறுவடையான மக்காச்சோள வயலுக்குள் இறங்கினேன். அங்கே வண்டியின் குணம் மாறிற்று. இதற்கு வில்லும் இல்லை, அதிர்வு தாங்கியும் இல்லை. பருத்த டயர்களே வில்லின் வேலையைச் செய்கின்றன. சிறு வேகத்தில் அது சுகமாகத்தான் இருக்கிறது. தாள்களின் அடிக்கட்டைகள்மேல் மெத்தையில் உருள்வது போல ஏறி இறங்கியது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்ற இரண்டும் தரையை விடுவதில்லை. அடுப்புக்கல்லின் நியாயம் இங்கே முழுமையாக வேலை செய்கிறது. வேகத்தைச் சிறிது கூட்டியதும் சுகம் போய்விட்டது. டயர்கள் பந்தாகிவிட்டன. வில் வாங்கிய அதிர்ச்சியை அடக்க ஒன்றும் இல்லாததால் ஒரு குதி அடுத்த குதியை வளர்க்கிறது. பரம்படிக்காத வயலில் வெறும் பலகை வண்டியில் போனவர்களுக்கு இது தெரிந்த அனுபவம். நான் எழுந்து, கால்களில் நின்று, முழங்காலை மடக்கி ஓட்டினேன். என் முழங்கால்களே அதிர்வு தாங்கிகள் ஆயின.

இனிக் கவிழும் கதைக்கு வருவோம். அடுப்புக்கல் ஆடாது என்றோம். ஆனால் அடுப்பு எங்கும் வேகமாகத் திரும்புவதில்லை. மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். திருப்பத்தில் வெளிப்புறமாகத் தள்ளும் விசை, ஈர்ப்பு மையத்தின் பாரத்தை அந்த முக்கோணத்தின் விளிம்புக்கு வெளியே கொண்டுபோய்விட்டால் வண்டி கவிழும். நான்கு சக்கர வண்டியில் நடுவிலிருந்து விளிம்புக்கு 35 செ.மீ. தூரம். முக்கோணமோ முன்னே போகப் போகக் குறுகுகிறது. பின் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால், நடுவிலிருந்து விளிம்பு 24.5 செ.மீ. தூரத்திலேயே வந்துவிடுகிறது. ஈர்ப்பு மையத்தின் உயரம் 60 செ.மீ. என்றால், பக்கவாட்டு விசை எடையில் 0.41 பங்கை எட்டும்போது முச்சக்கரம் கவிழத் தொடங்கும். நான்கு சக்கரம் 0.58 பங்கு வரை தாங்கும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், முச்சக்கரம் 7.7 மீட்டர் ஆரத்துக்குக் குறைவாகத் திரும்பக் கூடாது. நான்கு சக்கரம் 5.4 மீட்டர் வரை திரும்பலாம். நம் ஊர் ஆட்டோவும் இதே முக்கோணந்தான். திருப்பத்தில் அது ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது பின்னால் இருக்கும் நாம் உள்பக்கம் சாய்ந்துகொள்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கை உடம்பு அறிந்து செய்வதே.

உண்மையில் அந்தச் சாய்வுதான் இவ்வண்டியின் உயிர். 70 கிலோ உடம்பை 20 செ.மீ. உள்பக்கம் நகர்த்தினால், மொத்த ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 9 செ.மீ. நகரும். கவிழும் எல்லை 0.41-லிருந்து 0.55-க்கு உயர்ந்துவிடும். நான்காவது சக்கரம் இருந்தால் கிடைக்கும் 0.58-க்கு இது மிக அருகில். எடுத்துவிட்ட நான்காவது சக்கரத்தை ஓட்டுபவரின் இடுப்பு ஈடுகட்டுகிறது! ஆனால் இதிலே ஒரு முடிச்சு இருக்கிறது. மெதுவாகப் போகும்போது வண்டியைத் திருப்ப வேண்டுமானால் முன்னே நகர வேண்டும் என்று கண்டோம். முன்னே நகர்ந்தால் முக்கோணம் இன்னும் குறுகும். விளிம்பு 19 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும், கவிழும் எல்லை 0.32-க்கு இறங்கிவிடும். திரும்ப உதவுவது எதுவோ அதுவே கவிழவும் உதவுகிறது. மெதுவாக ஓட்டக் கற்றுக்கொண்டவர் அதே பழக்கத்தோடு வேகமாக ஓட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

மறுவாரம் பனி விழுந்தது. இரவெல்லாம் விழுந்து காலையில் முழங்காலின் பாதி உயரம் நின்றது. முதியவர் ஆள் அனுப்பினார். அன்று ஓட்டியதுதான் ஓட்டம். முற்றத்தில் முரண்டு பிடித்த வண்டியா இது என்று ஐயுற்றேன். கைப்பிடியைச் சிறிது திருப்பி, கட்டை விரலைச் சற்று அழுத்தினால், பின்பக்கம் மெல்ல வெளியே வழுக்கி, வண்டி தானே உள்நோக்கித் திரும்புகிறது. கைப்பிடியைவிடக் கட்டை விரலே வழி காட்டுகிறது. பருத்த டயர்கள் பனியில் புதையாமல் மேலேயே மிதந்தன. சத்தமும் இல்லை, குலுக்கலும் இல்லை. பரிசலில் போவது போல இருந்தது. நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும் அந்த ஊரில், அன்று பகல் மிகவும் குறுகியதாகப் போய்விட்டது.

பனியில் மட்டும் ஏன் இந்த இணக்கம்? இதுவே நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த செய்தி. எஞ்சினுக்கு ஏழு குதிரைத்திறன்தான் உண்டு. இறுகிய தரையில் இரண்டு பின் டயர்களையும் வழுக்கிச் சுழற்ற அதனால் முடியாது. பனியில் முடியும். இரண்டு டயர்களும் தரையைவிட வேகமாகச் சுழலத் தொடங்கிவிட்டால், இரண்டும் ஒரே திசையில் வழுக்குகின்றன. ஒன்று இழுக்க மற்றொன்று தடுக்கும் சண்டை இல்லை. அச்சு ஒன்றாக இருப்பதன் குற்றம் அந்தக் கணத்தில் மறைந்துவிடுகிறது.

கவிழும் கணக்கும் இங்கே மாறுகிறது. பக்கவாட்டு விசையைத் தருவது தரையின் உராய்வே. உராய்வைவிட அதிகமான விசை ஒருபோதும் வராது. பனியின் உராய்வுக் கெழு 0.2 அல்லது 0.3 இருக்கும். வண்டி கவிழ வேண்டுமானால் 0.41 வேண்டும். ஆகவே பனியில் வண்டி கவிழுமுன் சறுக்கிவிடும். சறுக்கியவுடன் விசை மேலே ஏறாது. ஓட்டுபவர் சிரித்துக்கொண்டே மறுபடி கட்டை விரலை அழுத்தலாம். உலர்ந்து இறுகிய மண்ணிலோ உராய்வுக் கெழு 0.6-க்குக் குறையாது. அங்கே 0.41 முன்னே வந்துவிடுகிறது. வண்டி சறுக்குமுன் கவிழும். உயரம், அகலம், எடை எதுவும் மாறவில்லை. தரை மட்டும் மாறிற்று. பனிக்குச் செய்த வண்டி பனியில் உத்தமமானது. தளர்ந்த மணலிலும் சேற்றிலும்கூடப் பெரும்பாலும் அவ்வாறே. அதைக் கோடையில் காய்ந்த கட்டாந்தரைக்குக் கொண்டுவந்ததும் அதன் இயல்பு தலைகீழாகிவிடுகிறது.

வாங்கியவர்கள் பனி உருகியதும் வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிடவில்லை, யார்தான் பூட்டுவார்? குளிர்காலத்துக்கென்று பிறந்த வண்டி ஆண்டு முழுவதும் ஓடும் வண்டியாயிற்று. உழவர்கள் வேலி பார்க்கவும் தீனி எடுத்துப் போகவும் வைத்துக்கொண்டார்கள். இளைஞர்கள் பந்தயம் விட்டார்கள். யமஹா, கவாசாகி, சுசூக்கி நிறுவனங்களும் மூன்று சக்கர வண்டிகளோடு சந்தைக்கு வந்தன. 1981-இல் ஹோண்டாவே 250 கன சென்டிமீட்டர் எஞ்சின் பூட்டிய ஏ.டி.சி. 250ஆர் என்னும் பந்தய வண்டியை வெளியிட்டது. ஏழு குதிரைக்கு வரைந்த முக்கோணத்தில் அதைப் போல் பல மடங்கு திறன் ஏறியது. விபத்துகள் பெருகின. 1980களில் அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அவர்களுள் பதினாறு வயது நிரம்பாதவர்கள் பலர். அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பொருட்டு அரசு வழக்குத் தொடுத்தது. 1988-இல் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதில்லை என்று தயாரிப்பாளர்கள் பத்தாண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். 2008-ஆம் ஆண்டின் சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது. பழைய வண்டிகளை வைத்திருப்பதும் தம் நிலத்தில் ஓட்டுவதும் குற்றமல்ல. ஆதலால்தான் நான் ஓட்ட முடிந்தது.

முதியவருக்கு இந்தத் தடையில் உடன்பாடு இல்லை. வண்டியைக் கற்றுக்கொள்ளாதவர்கள் செய்த குற்றத்துக்கு வண்டியைத் தண்டித்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. நான்கு சக்கர வண்டிகள் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லையே என்றும் கேட்டார். அது மறுக்க முடியாத உண்மை. நான்கு சக்கரத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அதுவும் கவிழும். ஆயினும் நான் அவர் கட்சியில் சேர மாட்டேன். கற்றுக்கொண்டால் ஓட்டலாம் என்பது சரி. ஆனால் இந்த வண்டியைக் கற்றுக்கொள்வது என்றால் அதற்குமுன் கற்ற பலவற்றை மறப்பது. கால் ஊன்றக் கூடாது. மெதுவாகப் போனால் முன்னே நகர வேண்டும், வேகமாகப் போனால் பின்னே உட்கார்ந்து உள்ளே சாய வேண்டும். தரை மாறும் இடத்தை, சக்கரம் அதைத் தொடுமுன் கண் கண்டுகொள்ள வேண்டும். இவ்வளவையும் பார்த்தவுடன் சொல்லும் முகம் அந்த வண்டிக்கு இல்லை. குழந்தையின் விளையாட்டு வண்டி போல அது நிற்கிறது. இரண்டு சக்கர மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் பன்னிரண்டு வயதுப் பையன் சிறிது அஞ்சுவான். இதைப் பார்த்தால் அஞ்ச மாட்டான்.

நான் பனியில் ஓட்டிக்கொண்டிருந்தபோது முதியவரின் பேரன் வந்து நின்றான். அந்த வயதுதான் இருக்கும். தனக்கும் ஒரு சுற்று வேண்டும் என்றான். தடையை அவ்வளவு வன்மையாக எதிர்த்துப் பேசியவர், எஞ்சினை அணைத்துவிட்டு, முன்பக்கத்தில் தம்மோடு அவனை அமர்த்திக்கொள்ளவும் மறுத்துவிட்டார். இருவர் ஏறும் வண்டி அல்ல இது, ஓட்டுபவர் நகர இடம் வேண்டும் என்று அவனுக்கு விளக்கினார். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். அவனை எப்போது ஓட்ட விடுவீர்கள் என்று கேட்டேன். பதினாறு முடியட்டும், அதுவும் பனியில் மட்டும் என்றார்.

சரிவுகளைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மேட்டில் குறுக்காகச் செல்லும்போதும் இதே எண்கள்தாம் ஆளுகின்றன. ஓட்டுபவர் நடுவில் அமர்ந்திருந்தால் 22 பாகைச் சரிவில் வண்டி பள்ளத்தின் பக்கம் கவிழும் நிலைக்கு வந்துவிடும். மேட்டில் ஏறுபவர்கள் முன்சக்கரம் தூக்காமலிருக்க இயல்பாகவே முன்னே நகர்ந்துகொள்வார்கள். அப்படியே குறுக்காகத் திரும்பிவிட்டால் 18 பாகையே போதும். பண்ணையில் ஒரு குளம் இருக்கிறது. மண் எடுக்கும் இடங்களின் சரிவை அளக்க எங்களிடம் சாய்வுமானி இருந்ததால், அந்தக் குளத்தின் கரையையும் அளந்து பார்த்தேன். 19 பாகை இருந்தது. அவருடைய தந்தையார் காலம் முதல் அந்தக் கரையில் நேரே ஏறி நேரே இறங்குவார்களே தவிர, ஒரு முறைகூடக் குறுக்கே ஓட்டியதில்லை என்று முதியவர் சொன்னார்.